‘கெமிக்கல் படுது’: பீன்யா கையேட்டுக்கு ஒரு சொல் தேடிய மடல்கள்

கி., லக்கரே. வியாழன் இரவு

அன்பர்களுக்கு வணக்கம். பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் முலாம் பூசும் பட்டறைகளில் வேலை செய்யும் நம் ஆட்களுக்காக ஒரு பாதுகாப்புக் கையேடு தயாரித்து வருகிறேன். பெரும்பாலும் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக்காரர்கள். நாளை மாலை அச்சகத்துக்குப் போக வேண்டும், ஞாயிறு காலை வகுப்பு. எல்லாம் முடிந்தது, ஒரு சொல் மட்டும் நிற்கிறது: எக்ஸ்போஷர், அதாவது வேதிப்பொருள் ஆள்மேல் வந்து சேர்வது.

வேதிப்பொருளோடு வரும் பாதுகாப்புத் தகவல் தாளில் 16 பகுதிகள். 8-ஆம் பகுதியின் தலைப்பே இந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. காற்றில் எவ்வளவு வரை இருக்கலாம், புகையை இழுக்க எந்த உறிஞ்சி வேண்டும், எந்தக் கையுறை போட வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில்தான். என்னிடம் உள்ள ஒரு பழைய மொழிபெயர்ப்பு ‘பாதிப்பு வரம்பு’ என்கிறது. அதை நான் போட மாட்டேன். இவ்வளவு வரை பாதிக்கலாம் என்று அனுமதி கொடுத்தது போல இருக்கிறது. இன்னொன்று ‘வெளிப்பாடு’ என்கிறது. போன வாரம் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். தொட்டியிலிருந்து வெளியே வருகிற புகை என்றே எல்லோரும் புரிந்துகொண்டார்கள். புகை வெளியேறுவது வேறு, அது ஆள்மேல் சேர்வது வேறு அல்லவா?

மு., ராஜாஜிநகர்

அக்கா, வேதிப் பொறியாளன் என்ற முறையில் சொல்கிறேன். இந்தச் சொல் அளக்கக்கூடிய ஒன்றைக் குறிக்கிறது. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்த்த 41எஃப் பிரிவு பேசியது இதைத்தான். குரோமிக் அமிலத்துக்கு 8 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 0.05 மில்லிகிராம், அதுவும் குரோமியமாகக் கணக்கிட்டு. டொலுவீன் என்ற கரைப்பானுக்கு 8 மணி நேரத்துக்கு பத்து லட்சத்தில் 100 பங்கு, 15 நிமிடத்துக்கு 150 பங்கு. ஆகவே சொல் ‘அளவு’, ‘வரம்பு’, ‘நேரம்’ மூன்றோடும் ஒட்ட வேண்டும். பாடநூல்களில் பார்த்த ‘ஆட்படல்’ எனக்குப் போதும். ஆட்படல் வரம்பு, ஆட்படல் நேரம் எல்லாம் சிக்கலின்றி வருகிறது.

ச., மல்லேஸ்வரம்

தம்பி, மன்னிக்கணும், என்னால் இதை ஏற்க முடியவில்லை. ஆட்படுவது என்றால் ஆளாகிப் போவது, அடிமையாவது. ‘வாழாட்பட்டு நின்றீர் உள்ளீரேல்’ என்று திருப்பல்லாண்டில் பாடுகிறோமே, அந்த ஆட்படுதல். பெருமாளுக்கு ஆட்படுகிறவர் மனசார ஆட்படுகிறார். குரோமியத் தொட்டிக்கு யார் மனசார ஆட்படுகிறார்கள்? பக்திக்கு வைத்த சொல்லை நஞ்சுத் தொட்டியின் மேல் ஒட்டாதீர்கள். அதோடு, தொழிலாளியே போய்த் தன்னை ஒப்புக்கொடுத்தார் என்ற பொருளும் உள்ளே வந்துவிடுகிறது. விபத்து நடந்தால் முதலில் சொல்லப்படுவதும் அதுதானே.

புலவர் ஐயா, அல்சூர்

அன்புடையீர், புதிதாகப் படைக்க வேண்டியதே இல்லை. நம்மிடம் சொல் இருக்கிறது. ‘சுவையொளி ஊறோசை நாற்றம்’ என்று வள்ளுவர் ஐம்புலனை எண்ணும்போது, தொடு உணர்வுக்கு ‘ஊறு’ என்கிறார். உறு என்னும் வேர்: சேர்தல், தொடுதல், நேர்தல். அதே ஊறு தீங்கையும் குறிக்கும். இன்றும் ‘ஊறு விளைவித்தல்’ என்கிறோம். தொட்டது தீங்காக முடியும் என்ற எச்சரிக்கையைச் சொல்லுக்குள்ளேயே முன்னோர் பொதிந்து வைத்திருக்கிறார்கள். ‘வேதியூறு’ என்க. ‘ஊறு வரம்பு’ என்க. ‘கெமிக்கல்’ என்று எழுதுவதை மட்டும் தயவுசெய்து தவிர்க்கவும். ‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ’ என்று வடசொல்லுக்கே தொல்காப்பியர் விதி வகுத்தார். அயற்சொல் வரும்போது நாம் விழிப்பாக இருக்க வேண்டாமா?

மு., ராஜாஜிநகர்

ஐயா, நீங்கள் காட்டிய வேரில் எனக்குக் குறை இல்லை. ஆனால் தொடுதலும் தீங்கும் ஒரே சொல்லில் வந்தால், எங்களுக்கு வேண்டிய வேறுபாடே கரைந்துவிடும். ஒருவருக்கு இன்னும் நோய் வராமல் இருக்கலாம். அவரும் தினம் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார். அவரை நோய்க்கு முன்னால் கணக்கில் எடுக்கத்தான் காற்றை அளக்கிறோம். ‘ஊறு வரம்பு’ மறுபடி ‘பாதிப்பு வரம்பு’ ஆகிவிடும்.

வே., தாசரஹள்ளி

வணக்கம். 19 வருஷமா பிளேட்டிங் லைன்ல சூப்பர்வைசர். டப்பா மேல கெமிக்கல்னுதான் இருக்கு, தொட்டிக்கிட்ட நிக்கிறவனும் அதைத்தான் சொல்றான். வேதிப்பொருள்னு எழுதுங்க, பக்கத்துல கெமிக்கல்னும் எழுதுங்க. எக்ஸ்போஷர்ங்கறத மட்டும் அப்படியே போட்டா ஒருத்தனுக்கும் புரியாது, கேமராக்காரன் சமாச்சாரம்னு நினைப்பான்.

எங்க பட்டறையில கன்னட போஸ்டர் ஒண்ணு இருக்கு. ‘ஒட்டிகொள்ளுவிகெ’ன்னு. கன்னடத்துல அந்த ‘ட்ட’வை மெல்லிசா சொல்வாங்க, எதிரே நீட்டிக் காட்டறதுன்னு அர்த்தமாம். நம்ம பசங்க ‘ஒட்டிக்கிறது’ன்னு படிச்சு, தோல்ல ஒட்டினாதான் ஆபத்து போலன்னு புரிஞ்சுக்கிட்டாங்க. மூக்குக்குள்ள போறதப் பத்தி யாரும் நினைக்கல.

கி., லக்கரே. வெள்ளி அதிகாலை

வே. அண்ணன் சொன்ன மூக்கு என்னைத் தூங்க விடவில்லை.

குரோம் தொட்டியில் மின்சாரம் பாயும்போது ஹைட்ரஜன் குமிழிகள் பொங்கி மேலே வந்து வெடிக்கும். ஒவ்வொரு குமிழியும் வெடிக்கும்போது அமிலத்தைப் பொடித் தூறலாக மேலே எறியும். தொட்டி விளிம்பிலும் பக்கத்துச் சுவரிலும் படிந்திருக்கும் மஞ்சள் பழுப்புக் கறை அதுதான். அதையேதான் மூச்சிலும் இழுக்கிறார்கள். போன மாத வகுப்புக்கு ஒருவர் வந்திருந்தார், நாற்பது வயதிருக்கும். விரல் மூட்டுகளில் மிளகு அளவுக்குக் குழிகள், ஓரம் தடித்து, ஆறிய தழும்பு. “முன்னெல்லாம் மூக்குல பொருக்கு கட்டும், ரத்தம் வரும். இப்ப ஒண்ணுமில்லக்கா, சரியாப் போச்சு” என்றார். உடன் வந்திருந்த மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டு துளைக்கும் நடுவிலுள்ள சுவரில் ஓட்டை. ஓட்டை விழுந்தபின் வலியும் இல்லை, பொருக்கும் குறைந்துவிட்டது. அதைத்தான் அவர் சரியாகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தார். அந்த அமிலத் தூறலில் உள்ள அறுமதிப்புக் குரோமியம் நுரையீரல் புற்றுநோய் தரும் என்பதை அவரிடம் யாரும் சொன்னதில்லை.

அவர் சொன்ன இன்னொன்றை அன்றே எழுதி வைத்தேன். “கையில பட்டா கழுவிக்கிறோம். மூக்குல படறத எங்கக்கா கழுவறது?”

கையிலும் படுகிறது, மூக்கிலும் படுகிறது. வெயில் படும், பனி படும், காத்துப் படும், கண் படும். தொட்டாலும் தொடாமலே வந்து சேர்ந்தாலும் ‘படு’தான். எனக்கு இதுவே போதும் என்று தோன்றுகிறது: படுதல்.

புலவர் ஐயா, அல்சூர்

அம்மா, உங்கள் மடலைப் படித்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். ‘படு’ எனக்குப் பகையில்லை. பட்டறிவு என்ற அருமையான சொல் அதில் பிறந்ததுதான். ‘எறிதற்குப் பட்டடை’ என்னும் குறளில் வரும் பட்டடையும், சுத்தியல் வந்து படுவதால் அமைந்த பெயர் என்றே நான் கருதுகிறேன். பட்டடை இருக்கும் இடம் பட்டறை. ஆகவே உங்கள் தொழிலாளர் நிற்கும் இடத்தின் பெயரிலேயே படு இருக்கிறது.

ஆயினும் மூன்று தடைகள். ஒன்று, படு என்பதன் எழுவாய் நஞ்சு, மனிதன் அல்லன். எக்ஸ்போஷருக்கு உள்ளாகிறவரை என்னவென்று அழைப்பீர்கள்? ‘பட்டவர்’ என்றால் இறந்தவர். களத்தில் பட்டார் என்பது வழக்கு, பட்ட மரம் என்கிறோம். இரண்டு, ‘படுவரம்பு’ என்று சேர்த்தால் படுமோசம், படுபாதாளம் போல மிகுதிப் பொருள் வந்துவிடும். மூன்று, ‘செய்யப்படும்’ என்னும் துணைவினையோடு குழம்பும். உறு என்றால் இவை ஒன்றும் இல்லை. ‘உறல்’ என்று வைத்துக்கொள்ளுங்கள், ஊறு வேண்டாம் என்றால்.

ச., மல்லேஸ்வரம்

ஐயா சொன்ன முதல் தடைதான் எனக்குப் பிடித்த காரணமே. நஞ்சுதான் எழுவாயாக இருக்க வேண்டும். அது வந்து படுகிறது, வந்து படாமல் தடுக்க வேண்டியது பட்டறை முதலாளி. ‘பட்டவர்’ வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். பெயர்ச்சொல்லாக்காமல் ‘கெமிக்கல் படும் இடத்தில் வேலை செய்பவர்’ என்று நீட்டியே எழுதலாம். கையேட்டில் இடம் இருக்கிறதல்லவா?

மு., ராஜாஜிநகர்

‘படும் அளவு’ என்று பிரித்து எழுதினால் இரண்டாம் தடையும் போகிறது. 8 மணி நேரச் சராசரிப் படும் அளவு. 15 நிமிடப் படும் அளவு. கணக்கு சரியாக நிற்கிறது. கல்லூரிப் பாடநூலுக்கு ஆட்படலே நல்லது என்ற எண்ணம் எனக்கு இன்னும் போகவில்லை, ஆனால் கையேட்டுக்கு இதற்கு என் சம்மதம்.

வே., தாசரஹள்ளி

படும் அளவு ஓகே. புரியும்.

கி., லக்கரே. வெள்ளி இரவு

மாலை ஆறரைக்கு அச்சகத்தில் கொடுத்துவிட்டேன். 8-ஆம் பகுதிக்குத் தலைப்பு: ‘கெமிக்கல் உடம்பில் படாமல் தடுத்தல்’. வரம்புக்கு ‘காற்றில் படக்கூடிய உச்ச அளவு’. பக்கத்தில் மூக்கு, தோல், கண், வாய் என நான்கு படங்கள். உறிஞ்சியும் மூடியும் முதலில், முகமூடி கடைசியில் என்ற வரிசையை மாற்றாமல் வைத்திருக்கிறேன். முகமூடி கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று யாரும் நினைக்கக் கூடாது.

புலவர் ஐயாவின் ‘உறல்’ கையேட்டில் இல்லை. சொற்பட்டியல் பொறுப்பாளர் அதை மாற்றுச் சொல்லாகக் குறித்துக்கொள்ளட்டும்.

புலவர் ஐயா, அல்சூர். சனி காலை

குறித்துக்கொள்ளவும். ‘படக்கூடிய’ என்பதில் ‘கூடிய’ இசைவைக் குறிக்கிறதா, இயல்வதைக் குறிக்கிறதா என்பது தெளிவில்லை. ‘பாதிப்பு வரம்பை’ நீங்கள் விலக்கிய அதே காரணம் இதற்கும் பொருந்தும் என்பது என் கருத்து. அடுத்த பதிப்புக்கு முன் இதை மறுபடி எடுப்போம். ஞாயிறு வகுப்பு எந்தத் தெருவில் என்று சொல்லுங்கள் அம்மா, நானும் வருகிறேன். அந்த மூக்குக்காரர் வருவாரா?