எஞ்சின் வெள்ளை பூத்துப்போச்சு, காப்பாத்த ஏலுமோ?

கோண்டாவில்பெடியன்:
மாமா கனடாவில இருந்து வரேக்க கொண்டுவந்த பழைய எச்ஓ (1:87 அளவு மொடல்) டீசல் எஞ்சின் ஒண்டை வெட்டி ஒட்டி எங்கட ரயில்வேயின்ர எம்2 டீசல் எஞ்சின் மாதிரி ஆக்கிக்கொண்டிருக்கிறன், 80களில யாழ்தேவி ரயிலை இழுத்த கோலத்தில ஊத்தையா வரவேணும் எண்டு ஆசை. முதல்ல கறள் எண்டு செம்மஞ்சள் பெயின்ற்றைக் கண்டபாட்டுக்கு அப்பினன், அது அம்மை போட்ட மாதிரி இருக்கு. பேந்து அதை மூட மற் (மினுங்காத) வார்ணிஷ் ஸ்பிறே அடிச்சன், நேற்றுப் பின்னேரம், வெளியில மழை, விறாந்தையில வைச்சு அடிச்சது. விடிய எழும்பிப் பாத்தா முழுக்கப் பால் ஊத்தின மாதிரி வெள்ளை. சுரண்டி எடுக்கிறதோ, இல்லாட்டி வேற வழி இருக்கோ? ஆராவது சொல்லுங்கோ.

சுன்னாகம்_சிக்னல்:
தம்பி சுரண்டாதையும்!! கார்த்திகை மழைக்க ஸ்பிறே அடிச்சா உதுதான் நடக்கும். ஸ்பிறேயில இருக்கிற கரைப்பான் கெதியா ஆவியாகேக்க மேற்பரப்பு குளிர்ந்துபோகும், காத்தில இருக்கிற ஈரம் அதில படிஞ்சு வார்ணிஷுக்க மாட்டுப்படும், அதுதான் வெள்ளை. வெயில் எறிக்கிற நாள் ஒண்டு வரட்டும், மத்தியானம், ரின்னை இளஞ்சூட்டுத் தண்ணியில கொஞ்ச நேரம் வைச்சு (கொதிதண்ணி இல்லை, வெடிச்சுப்போம்) நல்லாக் குலுக்கி, அதே வார்ணிஷை மெல்லிசா ஒருக்கா அடிச்சுப் பாரும். பழைய பூச்சு கரைஞ்சு ஈரம் வெளியேறினா வெள்ளை போயிடும். முழுக்கப் போகாட்டியும் முக்கால்வாசி போகும். அற்ககோல் போட்டுத் துடைக்க மட்டும் வெளிக்கிடாதையும், இன்னும் வெளுக்கும்.

கேகேஎஸ்_கோச்சி:
வார்ணிஷ் கதையை அவர் சொல்லிப்போட்டார், நான் ஊத்தையைப் பற்றிச் சொல்லுறன். கறள் எண்டு உடம்பெல்லாம் பூசுறதுதான் புதுசாச் செய்யிற ஆக்கள் விடுற பிழை. ஓடுற எஞ்சினில மேல்பக்கம் கறள் குறைவு, ஊத்தைதான் கூட. கூரையில புகைபோக்கி வாயைச் சுத்திக் கரி, அது காத்தோட பின்னால இழுபட்டுப் போகும். டீசல் ஊத்துற வாய்க்குக் கீழ வழிஞ்ச கோடு, அது மட்டும் மினுங்கவேணும், மற்றதெல்லாம் மங்கல். சில்லுக்குப் பக்கத்தில பிறேக் கட்டை தேஞ்சு விழுற தூள், அதுதான் அந்த மண்ணிறம். அந்த எஞ்சினுகள் 1954இல இருந்து கொழும்புத் திட்டம் எண்ட உதவித் திட்டத்தில கனடா தந்தது, கனக்க எஞ்சினுக்குக் கனடாப் பேர், ஒன்ராறியோ, அல்பேர்ட்டா எண்டு. அதுவும் கனடாவில இருந்து வந்ததுதான், உம்மடையும் கனடாவில இருந்து வந்ததுதான், பொருத்தமாத்தான் இருக்கு.

பூசுறதுக்கு ஒரு பங்கு அக்ரிலிக் பெயின்ற், பத்துப் பங்கு தண்ணி, ஏனம் கழுவுற சோப் ஒரு சொட்டு. கறுப்பு மட்டும் எடுக்காமல் கொஞ்சம் மண்ணிறமும் கலவும். பூசின கையோட பழைய சாரத்துண்டால மேலிருந்து கீழ ஒரே இழுவையாத் துடையும், குறுக்கால துடைச்சாக் கெட்டுது, மழைத்தண்ணி குறுக்கால ஓடுறேல்லைத்தானே. மிச்சம் மூலையளிலயும் கதவு இடுக்கிலயும் தானாத் தங்கும். ஒரு பக்கம் முடிச்சா அடுத்த நாள் பாத்திட்டு மற்றப் பக்கம் செய்யும்.

கோண்டாவில்பெடியன்:
நன்றி அண்ணை. புழுதிக்கு எங்கட செம்பாட்டு மண்ணையே அரிச்சுப் போட்டா என்ன?

கேகேஎஸ்_கோச்சி:
போடலாம், ஆனா 1:87இல எங்கட மண் கல்லு மாதிரித் தெரியும். பழைய ஸ்டொக்கிங் துணியால ரெண்டு மூண்டு தரம் அரியும். பேந்து காந்தம் ஒண்டை மேலால கொண்டுபோய்ப் பாரும், இரும்புத்துகள் இருந்தா மோட்டருக்க போய் ஒட்டிடும், கியரையும் தின்னும். என்னைக் கேட்டாப் பள்ளிக்கூடப் பெடியளின்ர பாஸ்டல் கட்டியை பிளேட்டால சுரண்டி எடுக்கிற தூள் நல்லம், கரிக்கு அடுப்புக்கரி. ஆனையிறவுப் பக்கத்துப் புழுதி வேற, அது வெளிறின மணல் நிறம், செம்பாடு வலிகாமத்துக்குத்தான். கடைசி வார்ணிஷ் அடிக்கேக்க தூள் பாதி மறைஞ்சுபோகும், அதால கொஞ்சம் கூடவே போடும்.

இணுவில்_தண்டவாளம்:
எல்லாம் சரி, ஆனா எங்கட தண்டவாள அகலம் 1676 மில்லிமீற்றர். எச்ஓவில கணக்குப் பாத்தா 19 சொச்சம், நீங்கள் ஓட்டுறது 16.5. முன்னுக்கு நிண்டு பாத்தா எஞ்சின் காலை ஒடுக்கிக்கொண்டு நிக்கிற மாதிரி இருக்கும். 80கள் எண்டா மரச் சிலிப்பர் கட்டை போடுங்கோ, 2014இல யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்த பாதையில கொங்கிறீட்.

சுன்னாகம்_சிக்னல்:
அண்ணை பக்கவாட்டிலதானே பாக்கிறது, விடுங்கோ 🙂 தம்பி, சில்லின்ர ஓடுற விளிம்பில பெயின்ற் பட்டா கரண்ட் எடுக்காது, சில்லில மட்டும் ஐசோபுரோப்பைல் அற்ககோல் போட்டுத் துடையும், ஃபோன் திருத்துற கடையள்ல வைச்சிருப்பாங்கள்.

கோண்டாவில்பெடியன்:
அஞ்சாம் நாள் வெயில் எறிச்சுது, அடிச்சன், வெள்ளை போட்டுது!! சாரதி யன்னலுக்குக் கீழ மட்டும் விரலகலம் மிச்சம், அதில புழுதித் தூள் போட்டு மூடிட்டன். அம்மை போட்ட பக்கத்தைத் திரும்ப பெயின்ற் அடிக்கிறன். இலக்க ஸ்ரிக்கர் எப்ப ஒட்டுறது, ஊத்தையாக்க முதலோ பிறகோ?

கேகேஎஸ்_கோச்சி:
முதல். பளபளப்பு வார்ணிஷ் அடிச்சு அதுக்கு மேல ஒட்டும், மற் மேல ஒட்டினாக் காத்துப் பிடிச்சு வெள்ளி மாதிரி ஓரம் தெரியும். பேந்து மற், பேந்து ஊத்தை. இலக்கத்துக்கு மேல மட்டும் துணியால கொஞ்சம் கூடத் துடைச்சு விடும், லோக்கோ செட்டில (எஞ்சின் நிப்பாட்டுற கொட்டகை) இலக்கத்தை மட்டும் துடைச்சு வைச்சிருக்கிற மாதிரி.