புதுப்பிப்பு: 40 லிட்டர் மீன் தொட்டி, 34ஆம் நாள்

மீன் விடுவதற்கு முன் தொட்டியைப் பக்குவப்படுத்தும்போது (அதாவது, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்களை வளர்க்கும்போது) ஐந்தாம் நாளே தண்ணீர் பால்போல் கலங்கிவிட்டது என்றும், எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கலாமா என்றும் முன்பு கேட்டிருந்தேன். கொட்டவில்லை, அது பாக்டீரியாப் பெருக்கத்தால் வந்த கலங்கல் என்பதால் நான்கு நாட்களில் தானாகத் தெளிந்தது.

உண்மையான காத்திருப்பு அதன் பிறகுதான். அந்த நுண்ணுயிர்களுக்கு உணவாக லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் சேர்த்த அம்மோனியா பன்னிரண்டாம் நாள் குறையத் தொடங்கியதும் நைட்ரைட் ஏறியது. சோதனைக் குழாயில் சோதனைத் திரவத்தின் சொட்டு விழுந்த கணமே நீர், நைட்ரைட் மிகுதியைக் காட்டும் ஆழ்ந்த ஊதாவாகும், இரண்டு வாரங்களுக்கு அந்த நிறம் வெளிறவே இல்லை. இடையில் வடிகட்டிப் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசியது என் தவறு. அதிலுள்ள குளோரின் நாம் பாடுபட்டு வளர்க்கும் நுண்ணுயிர்களையே கொல்லும் என்பதால், தொட்டியிலிருந்து முகந்த நீரில்தான் அலச வேண்டும்.

நேற்று மாலை இட்ட அம்மோனியா இன்று மாலைக்குள் முழுவதும் மறைந்து, நைட்ரைட்டும் பூஜ்யமாகி, நைட்ரேட் மட்டுமே எஞ்சியிருந்தது. அதைக் குறைக்க, குளோரின் நீக்கிய நீரால் முக்கால் தொட்டியை மாற்றிவிட்டேன். வெப்பநிலை 26 டிகிரியில் நிற்கிறது. நாளை மறுபடி சோதித்துவிட்டு, முதலில் மூன்று சிறிய மீன்களை மட்டும் விடுகிறேன்.