ரசிகர்கள் உருவாக்கிய கேமும் அதோடு சேர்ந்து வந்த மால்வேரும்

என் அக்கா மகன் டோரண்ட் வழியாக (பலருடைய கணினிகளிலிருந்து ஒரு கோப்பைத் துண்டு துண்டாக இறக்கும் முறை) இறக்கிய கேம், ஏற்கெனவே உள்ள ஒரு கேமின் ரசிகர்கள் சேர்ந்து உருவாக்கியது. அது எந்தக் குறையும் இல்லாமல் ஓடியதால் அவனுக்குச் சந்தேகமே எழவில்லை. கேமை மூடிய பிறகும் கணினியின் விசிறி ஓயாமல் இரைகிறது என்று அவன் சொன்னதால்தான் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். ஜாவாவே நிறுவப்படாத அந்தக் கணினியில் ஜாவா என்ற பெயரில் ஒரு நிரல் பிராசஸரை முழுவதுமாக விழுங்கிக்கொண்டிருந்தது. அந்த நிரல் இருந்த ஃபோல்டர், விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் சோதிக்க வேண்டாத இடங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தது.

“ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டுத்தான் இன்ஸ்டால் செய்ய வேண்டும் என்று அதிலேயே எழுதியிருந்தது மாமா” என்றான்.

2023 ஜூனில் சைபிள் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டறிந்து அறிவித்ததும் இதே போன்ற மோசடிதான். ‘சூப்பர் மாரியோ 3: மாரியோ ஃபாரெவர்’ என்ற ரசிகர் கேமின் இன்ஸ்டாலருக்குள் உண்மையான கேமோடு, நம் கணினியின் திறனைக் கொண்டு மொனேரோ என்ற கிரிப்டோ நாணயத்தைப் பிறருக்காகத் தோண்டும் மைனர் நிரலும், பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும் குக்கீகளையும் (நாம் கணக்கில் நுழைந்திருப்பதை நினைவில் வைக்கும் சிறு கோப்புகள்) திருடும் அம்ப்ரல் என்ற நிரலும் இருந்தன.

ரசிகர் கேம்களில் இந்த ஆபத்து கூடுதலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2016 ஆகஸ்டில் வெளிவந்த ‘போகிமான் யுரேனியம்’, போகிமான் உரிமையாளர்களில் ஒன்றான நின்டென்டோ தரப்பின் நோட்டீஸ்களால் சில நாட்களிலேயே அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து நீக்கப்பட்டது. இப்படி மூலத் தளம் மறைந்த பிறகு, யாரோ பகிரும் பிரதிகளில் எது அசல் என்று சொல்ல ஆளில்லை. டோரண்ட் மென்பொருள் ஒவ்வொரு துண்டையும் ஹேஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற குறியீடு) கொண்டு சரிபார்ப்பதால் கோப்பு பாதுகாப்பானது என்று பலர் நம்புகிறார்கள். அந்தச் சோதனை, டோரண்டை உருவாக்கியவர் வைத்த கோப்பு சிதையாமல் வந்ததா என்பதை மட்டுமே காட்டும், அவர் வைத்ததே மால்வேராக இருந்தால் அதுவும் பழுதின்றி வந்து சேரும். முழுக் கோப்பையும் வைத்துப் பகிர்பவர்கள் (seeders) நிறைய இருப்பதும் எதற்கும் உத்தரவாதமல்ல.

கடவுச்சொற்களை வேறொரு சுத்தமான கணினியிலிருந்து மாற்றினோம். திருடப்பட்ட குக்கீயைக் கொண்டு கடவுச்சொல் இல்லாமலேயே கணக்கில் நுழைய முடியும் என்பதால், எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதியையும் பயன்படுத்தினோம். அதன் பிறகே டிஸ்க்கை அழித்து விண்டோஸை மீண்டும் நிறுவினேன்.