திராட்சைக்கு நடுவே நட்சத்திர மீன்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரிலிருந்து ஒருவர்:

தங்கச்சிமடத்தில் என் அத்தை வீட்டுத் திண்ணையில் இரண்டு ஊசிகள் எப்போதும் கிடக்கும். ஒன்று மாமாவின் வலை ஊசி, இன்னொன்று அத்தையின் குரோஷா ஊசி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடையால் விசைப்படகு போகாத அந்த 61 நாளும் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். மாமா கிழிந்த வலையைப் பொத்துவார். அத்தை லேஸ் பின்னுவார்.

ஒரு விடுமுறையில் கற்றுக்கொள்ளப் போனேன். நான் பின்னிய ஒரு சாண் லேஸை அத்தை வாங்கி, நூல் முனையைப் பிடித்து இழுத்தார். சரசரவென்று முழுவதும் பிரிந்துவிட்டது. எனக்கு அழுகையே வந்தது.

"வலையில முடிச்சு இருக்கு, இழுத்தா இறுகும். இதுல வளையத்துக்குள்ள வளையம்தான் பிள்ள. பிடிக்கலைன்னா பிரிச்சுட்டு அதே நூல்ல வேற பின்னலாம்" என்றார்.

அந்த வருஷம் சர்ச் திருவிழாவுக்குப் பலிபீடத் துணியின் ஓர லேஸ் அவர் பொறுப்பு. திராட்சைக் கொத்து போதும் என்றிருந்தார்கள். உப்புக்காற்றில் கை பிசுபிசுத்து வெள்ளை நூல் அழுக்காகும் என்று, பவுடர் பூசிக்கொண்டுதான் உட்காருவார். மூன்று முறை பின்னிப் பிரித்தார். நாலாவது முறை கொத்துக்குக் கொத்து நடுவே ஒரு நட்சத்திர மீன் வந்திருந்தது. புத்தகம் கிடையாது, படம் கிடையாது, எல்லாம் மனக்கணக்கு.

"நம்ம கடல்ல திராட்சையா விளையுது?" என்றார்.

இதைப் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

நாகர்கோவிலிலிருந்து:

கோபம் நியாயம்தான். எங்கள் பக்கத்தில் லேஸ் என்றால் தலையணை லேஸ், அதாவது தலையணை மேல் வைத்துப் பின்னுவது. மாதிரியைத் துளைகளாகக் குத்திய அட்டை, குண்டூசிகள், ஜோடி ஜோடியாக நூல்கட்டைகள். மாற்றிப் போடுவது, முறுக்குவது என்று இரண்டே அசைவில் எல்லாப் பூவும் வந்துவிடும். 1820-களில் இங்கே மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர் லேஸ் வேலையில் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான்!

சரி, அத்தையின் நட்சத்திர மீன் மாதிரி ஏதும் உங்களிடம் இருக்கிறதா?

மண்டபம்:

ஒரு துண்டு இருக்கிறது, பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறேன். அதில் ஒரு கை மட்டும் குட்டையாக இருக்கும். எண்ணிக்கை தப்பிவிட்டதோ என்று அப்போது கேட்டேன்.

"மாமா வலையில வந்ததுக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ஒரு கை போயி, புதுசா முளைச்சுக்கிட்டிருந்துச்சு" என்றார்.