வெளிச் சமையலறையுள்ள கேம்பர் ட்ரெய்லர்: இரண்டில் எது?

வணக்கம். வெள்ளவத்தையில் வசிக்கிறோம், அம்மாவோடு சேர்த்து ஐந்து பேர். மே மாதம் அறுகம் குடாவுக்கும், பிறகு நுவரெலியாவுக்கும் போக ஒரு கேம்பர் ட்ரெய்லர் (வாகனத்தின் பின்னால் இழுத்துச் செல்லும் முகாம் வண்டி) தேடுகிறோம். இழுக்கப்போவது 2015 டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப், டீசல்.

முதலாவது உள்ளூரில் கட்டியது. பின்கதவைத் தூக்கினால் அடுப்பு. அந்தக் கதவே மழைக்குக் கூரை. 750 கிலோவுக்குள் இருப்பதால் பிரேக் பொருத்தவில்லை. கடற்காற்றில் தேநீர் வைத்துப் பார்த்தோம், சுடர் நிற்கவே இல்லை.

இரண்டாவது ஆஸ்திரேலியத் தயாரிப்பு. 1,300 கிலோ, எலக்ட்ரிக் பிரேக் உண்டு. சமையலறை பக்கவாட்டில் இழுப்பறை போல வெளியே வருகிறது. தொட்டியும் வெட்டுப் பலகையும் அம்மாவின் இடுப்பு உயரத்துக்குச் சரியாக இருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆனால் இழுப்பறை பாதியில் இறுகுகிறது. சறுக்குச் சட்டத்தின் போல்ட்டுகளைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. கிரீஸ் பூசியும் இளகவில்லை. நமது 5 கிலோ கேஸ் சிலிண்டரை அதன் பெட்டியில் வைத்தால் கதவு மூடுவதில்லை.

கொழும்பில் வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் விசாரித்தேன், அந்த அளவுச் சறுக்குச் சட்டம் கிடைக்கவில்லை. விற்பவர் விலையைக் குறைக்கிறாரே தவிர, பழுதுபார்த்துத் தர மறுக்கிறார். கெப்பின் இழுவைக் கொக்கியில் ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 சதவீதம் அளவு அமர வேண்டும் என்பதையும் கணக்கில் எடுத்தேன். என் அச்சமெல்லாம் நுவரெலியாப் பாதையிலுள்ள றம்பொடை வளைவுகளில் இறங்கும்போதுதான்.

இத்தகைய கெப்பில் 1,300 கிலோ ட்ரெய்லரை மலைப்பாதையில் இழுத்தவர்கள் சொல்லுங்கள்: சறுக்குச் சட்டத்தை எப்படியாவது மாற்றிக்கொண்டு இரண்டாவதையே வாங்கலாமா?