தேய்ந்த கிட்டார் மெட்டுகளுக்கு வளைவு கொடுக்க எந்த அரம் வாங்கலாம்?

ஆறுதந்தி கேட்டது:

வணக்கம். என்னிடம் 22 மெட்டுகளும் 648 மி.மீ. தந்தி நீளமும் கொண்ட ஓர் எலக்ட்ரிக் கிட்டார் இருக்கிறது. (வீணைக்காரர்கள் வழங்கும் மெட்டு என்ற சொல்லையே, விரற்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கம்பியான ஃபிரெட்டுக்கும் எழுதுகிறேன், பாட்டின் மெட்டோடு யாரும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.) பத்தாண்டுகள் வாசித்ததில் முதல் ஐந்து மெட்டுகளில், குறிப்பாக மெல்லிய இரண்டு தந்திகளுக்கு நேர் கீழே, பள்ளம் விழுந்துவிட்டது. சென்ற வாரம் தந்திகளைக் கழற்றி, கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற எஃகுத் தண்டைத் திருகிக் கழுத்தை நேராக்கி, 320 எண் உப்புத்தாள் ஒட்டிய நேரான அலுமினியச் சட்டத்தால் எல்லா மெட்டுகளையும் சமன்செய்தேன். பள்ளங்கள் மறைந்தன. ஆனால் உருண்டையாக இருந்த உச்சிகள் இப்போது ஏறத்தாழ 1.4 மி.மீ. அகலத்துக்குத் தட்டையாகிவிட்டன. மெட்டின் மொத்த அகலம் 2.3 மி.மீ.; மிஞ்சியிருக்கும் உயரம் 1.1 மி.மீ.; உலோகம் வழக்கமான நிக்கல் சில்வர்.

இனி இவற்றுக்கு மீண்டும் வளைவு கொடுக்க வேண்டும். இதற்கென்றே விற்கப்படும் குழிவான எஃகு அரம், அதே வடிவில் வைரத்தூள் பதித்த அரம், சாதாரண முக்கோண அரம் ஆகிய மூன்றில் எதை வாங்குவது என்று தெரியவில்லை. முதல் இரண்டும் விலை கூடியவை. ஒரே ஒரு கிட்டாருக்காக அவ்வளவு செலவிடுவது தேவைதானா, முக்கோண அரத்தால் விரற்பலகையில் கீறல் விழாமல் வேலை செய்ய முடியுமா என்பதையே முக்கியமாகக் கேட்கிறேன். விரற்பலகை ரோஸ்வுட்.

பழைய ஃபிட்டர் எழுதியது:

ஒரே கிட்டார் என்றால் முக்கோண அரமே போதும். ஆனால் கடையிலிருந்து வாங்கியபடியே அதை மெட்டின் மேல் வைத்துவிடாதீர்கள். முக்கோண அரத்தின் மூன்று விளிம்புகளிலும் பல் இருக்கும். மெட்டின் தோளை அராவும்போது அந்த விளிம்பு மெட்டை ஒட்டி மரத்தின் மேல்தான் ஓடும் என்பதால், முதல் இழுப்பிலேயே ரோஸ்வுட்டில் கோடு போட்டுவிடும். ஆகவே மூன்று விளிம்புகளையும் சாணைக்கல்லில் பிடித்துப் பற்களை முழுவதுமாக நீக்கி, பிறகு நுண்ணிய உப்புத்தாளில் தேய்த்து, நகத்தால் தடவினால் வழுக்கும் அளவுக்கு மழமழப்பாக்க வேண்டும். சாணை பிடிக்கும்போது அரம் சூடேறி நீலம் பாய்ந்தால் எஃகின் கடினம் போய்விடும். சில நொடிகளுக்கு ஒருமுறை தண்ணீரில் முக்கியெடுங்கள்.

6 அங்குல நீளத்தில், மிக ஒல்லியான வகையில், ஸ்மூத் கட் (நுண்ணிய பல்) அரமாகப் பார்த்து வாங்குங்கள். பாஸ்டர்ட் கட் (முரட்டுப் பல்) இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம். நிக்கல் சில்வர் மென்மையான உலோகம், அந்தப் பற்கள் அதில் உழவு ஓட்டிவிடும். பொற்கொல்லர் கருவிகள் விற்கும் கடைகளில் கிடைக்கும் முக்கோண ஊசி அரம் மிகவும் குட்டை. கைக்கு அடங்காமல் ஆடும். மெட்டின் முனைகளை உருட்ட வேண்டுமானால் அது நன்றாக உதவும்.

வேலையைத் தொடங்குமுன் மெட்டுகளுக்கு இடையிலுள்ள மரம் முழுவதையும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். ஒவ்வொரு மெட்டின் தட்டையான உச்சியிலும் கறுப்பு மார்க்கர் பேனாவால் பட்டையாக மை பூசுங்கள். அரத்தை முதலில் மெட்டின் ஒரு பக்கத்தில் தாழ்ந்த கோணத்தில் வைத்து, மெட்டின் நீளவாக்கில் தள்ளி அராவுங்கள். இரண்டு மூன்று தள்ளல்களுக்குப் பிறகு கோணத்தைச் சற்றே உயர்த்துங்கள். பிறகு இன்னும் சற்று. மறுபக்கத்திலும் அவ்வாறே. மைப்பட்டை இரண்டு பக்கங்களிலிருந்தும் ஒடுங்கி நடுவை நோக்கி வருவது கண்ணுக்குத் தெரியும். அது தலைமுடி இழைபோல், அரை மி.மீ.-க்கும் குறைவான கோடாக மிஞ்சும்போது நிறுத்திவிட வேண்டும். அந்தக் கோடு அழியக் கூடாது. அது அழிந்தால் அந்த மெட்டின் உயரம் குறைந்துவிட்டது என்று பொருள்; நீங்கள் சட்டம் வைத்துச் சமன்செய்தது அந்த இடத்தில் வீணாகிவிட்டது என்றும் பொருள்.

எஃகு அரம் தள்ளும்போது மட்டுமே வெட்டும்; திரும்ப இழுக்கும்போது தூக்கிவிடுங்கள், அழுத்திக்கொண்டே இழுத்தால் பல் மழுங்கும். அரத்தில் சாக்குக்கட்டியைத் தேய்த்துக்கொண்டால் அரப்பொடி பல்லுக்குள் அடைத்துக்கொள்ளாது. ஐ.டி.ஐ.-யில் முதல் வாரம் சொல்லிக்கொடுப்பதுதான், ஆனாலும் எண்ணெய் தடவிக்கொண்டு அராவுபவர்களை இன்னும் பார்க்கிறேன்.

வைரமுனை எழுதியது:

மேலே சொல்லப்பட்ட முறையில் எனக்கு மறுப்பு இல்லை. அதைச் செய்யும் கையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. முக்கோண அரத்தில் வளைவின் வடிவத்தைத் தீர்மானிப்பது உங்கள் மணிக்கட்டு. 22 மெட்டுகள், இரண்டு பக்கம், ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று நான்கு கோணங்கள் என்றால், முதல்முறை செய்பவருக்கு எட்டாவது மெட்டுக்குள் கை சலித்துவிடும். நான் முதலில் செய்த கிட்டாரில் விளிம்பைச் சரியாக மழுக்காமல் ஐந்தாம் மெட்டின் அருகே இரண்டு அங்குல நீளக் கோடு போட்டுவிட்டு, ரோஸ்வுட் தூளையும் உடனடிப் பசையையும் கலந்து அதை நிரப்ப ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் இன்றும் தெரியும்.

குழிவான அரம் வாங்குவதானால் அகலப் பொருத்தத்தைப் பாருங்கள். குழி உங்கள் மெட்டைவிடக் குறுகலாக இருந்தால் அரத்தின் இரு ஓரங்களும் மெட்டின் பக்கவாட்டில் கோடு வெட்டும். மெட்டைவிட மிக அகன்று ஆழம் குறைந்திருந்தால் குழியின் அடிப்பகுதி உச்சியைத் தொட்டு அதையே முதலில் தேய்த்துவிடும். தட்டையான பட்டையின் இரண்டு ஓரங்களையும் முதலில் தொட்டு, நடுவைக் கடைசியாகத்தான் நெருங்க வேண்டும். 2.3 மி.மீ. என்பது நடுத்தர அகலம். 2 மி.மீ. அளவிலான பழைய பாணி மெல்லிய மெட்டுக்கும் 2.8 மி.மீ. அளவிலான ஜம்போ மெட்டுக்கும் செய்த அரங்கள் உங்களுக்குச் சரிவராது.

எஃகா வைரமா என்றால் நான் வைரத்தையே சொல்வேன். பல் வைத்த எஃகு அரம் குழிவாக இருக்கும்போது, சில வேளைகளில் துள்ளித் துள்ளி ஓடி மெட்டின் மேல் அலை அலையான தடங்களை விட்டுவிடுகிறது. அவற்றைப் போக்க மீண்டும் தேய்க்க வேண்டும், தேய்த்தால் உயரம் போகும். வைர அரத்தில் அந்தத் துள்ளல் இல்லை; தள்ளினாலும் இழுத்தாலும் வெட்டும்; அழுத்தம் வேண்டியதில்லை, அரத்தின் எடையே ஏறக்குறையப் போதும். 150 எண் வேகமாக வெட்டும், ஆனால் ஆழமான கீறல்களை விடும். 300 எண் மெதுவானது, உங்களுடைய 1.4 மி.மீ. பட்டைக்கு அதுவே தக்கது. வைர அரத்துக்குச் சாக்குக்கட்டி வேண்டாம், நைலான் பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும். என்றாவது துருப்பிடிக்காத எஃகு மெட்டுகளுக்கு மாறினால் வைரத்தின் அருமை தெரியும். சாதாரண அரம் அங்கே சில மெட்டுகளிலேயே மழுங்கிப்போகும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அரத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டதால் வளைவு ஏன் வேண்டும் என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் தட்டையான மெட்டு சுருதியை அடியோடு கெடுத்துவிடும் என்று சிலர் அஞ்சி, அவசரத்தில் தேவைக்கு மேல் அராவிவிடுகிறார்கள். உச்சி உருண்டையாக இருந்தால் தந்தி மெட்டின் நடுவில் நிற்கும். உச்சி 1.4 மி.மீ. தட்டையாக இருந்தால் தந்தி பிரிட்ஜ் (கிட்டாரின் உடலில் தந்தியைத் தாங்கும் குதிரை) பக்கத்து ஓரத்தில் நிற்கும். அதாவது அதிரும் நீளம் 0.7 மி.மீ. குறையும். 648 மி.மீ. தந்தியில் இது முதல் மெட்டில் சுமார் 2 சென்ட், 12ஆம் மெட்டில் 3.7 சென்ட், 22ஆம் மெட்டில் 6.7 சென்ட் ஏற்றத்தைத் தரும். (ஒரு அரைச்சுரம் 100 சென்ட்.) மெட்டுகள் எல்லாம் ஒரே அளவு தட்டையாக இருக்கும்வரை பிரிட்ஜில் தந்தி அமரும் துண்டான சேடிலை 0.7 மி.மீ. பின்னால் நகர்த்தினாலே, திறந்த தந்திக்கும் அழுத்திய சுரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 2 சென்ட் வேறுபாடு மட்டும் மிஞ்சும். பெரும்பாலான காதுகளுக்கு அது எட்டாது. ஒரு மெட்டு தட்டையாகவும் அடுத்தது கூராகவும் இருப்பதுதான் சரிசெய்ய முடியாத நிலை.

தட்டை உச்சியின் உண்மையான தொல்லை ஓசையில் இருக்கிறது. அகன்ற பரப்பை விட்டு விலகும் இடத்தில் தந்தி அதை உரசி ரீங்கரிக்கிறது. தம்பூராவின் குதிரையில் நூலிட்டு, ஜீவா என்று பெயரிட்டு நாம் வேண்டுமென்றே வரவழைக்கும் விளைவின் உறவுதான் இது. கிட்டாரில் யாரும் அதைக் கேட்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. வீணையில் மெட்டுகள் மெழுகின் மேல் அமர்ந்திருப்பதால், ஒன்று உயர்ந்துவிட்டால் மெழுகை இளக்கி அதை இறக்கி வைக்கலாம். கிட்டாரில் மெட்டின் அடிநாக்கு மரத்தின் வெட்டுக்குள் இறுகியிருக்கிறது. அராவிய உலோகம் திரும்பி வராது. உங்களிடம் 1.1 மி.மீ. இருக்கிறது, 0.8 மி.மீ.-க்குக் கீழே போனால் தந்தியை வளைத்து வாசிப்பது கடினமாகும் என்பது என் அனுபவம், அப்போது புது மெட்டு போடுவதுதான் வழி.

ஆறுதந்தி எழுதியது:

மூவருக்கும் நன்றி. முக்கோண அரமே வாங்கினேன், விளிம்புகளைச் சாணை பிடித்தேன். பழகிப் பார்க்க ஒரு மரத்துண்டில் மெட்டுக் கம்பியை அடித்து, அதில் மூன்று முறை செய்து பார்த்த பிறகே கிட்டாரைத் தொட்டேன். 21 மெட்டுகள் நன்றாக வந்தன. மூன்றாம் மெட்டில், மெல்லிய தந்தியின் பக்கம், சுமார் ஒரு செ.மீ. நீளத்துக்கு மைக்கோடு அழிந்துவிட்டது. இப்போது எல்லா மெட்டுகளையும் மீண்டும் சமன்செய்ய வேண்டுமா? அராவிய பிறகு எதைக் கொண்டு மெருகேற்றுவது?

பழைய ஃபிட்டர் எழுதியது:

உடனே எதையும் அராவாதீர்கள். மூன்று மெட்டுகளை மட்டும் தொடக்கூடிய நீளமுள்ள நேரான எஃகுப் பட்டி ஒன்றை எடுத்து, முதலில் 2, 3, 4 ஆகிய மெட்டுகளின் மேல் அந்த இடத்தில் வையுங்கள். மூன்றாம் மெட்டு தாழ்ந்திருந்தால் பட்டி ஆடாது, ஆனால் அதற்கும் மெட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். அடுத்து 3, 4, 5 மேல் வையுங்கள். இங்கே பட்டி நான்காம் மெட்டின் மேல் ஏற்றப்பலகைபோல் ஆடினால் மூன்றாம் மெட்டில் அழுத்தும் சுரம் நான்காம் மெட்டில் இடித்து ரீங்கரிக்கக்கூடும். ஆட்டம் கைக்குத் தெரியாத அளவென்றால் அப்படியே விட்டுவிட்டுத் தந்தி மாட்டி வாசித்துப் பாருங்கள். கோடு அழிந்தவுடனேயே நிறுத்தியிருந்தால் போனது மிகச் சிறிய அளவாகவே இருக்கும். ரீங்கரித்தால் மட்டும் நான்காம் மெட்டில் அந்த ஒரு செ.மீ. இடத்தை உப்புத்தாள் சுற்றிய சிறு கட்டையால் சற்றே இறக்கி, மை பூசி மீண்டும் வளைவு கொடுங்கள். பிறகு 4, 5, 6 மேல் அதே சோதனையைச் செய்ய மறக்காதீர்கள்.

மெருகுக்கு 400, 600, 800, 1200, 2000 என்று உப்புத்தாள்களை விரலில் சுற்றி மெட்டின் நீளவாக்கில் தேய்த்துக்கொண்டு போங்கள். முந்தைய தாளின் கீறல் முழுவதும் மறைந்த பிறகே அடுத்த தாளை எடுக்க வேண்டும். கடைசியாக 0000 எஃகுக் கம்பளியால் துடைப்பதானால் பிக்கப்புகளை (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்களை) முதலில் டேப் ஒட்டி மூடிவிடுங்கள். உதிரும் எஃகு இழைகளை அவற்றின் காந்தம் இழுத்துக்கொள்ளும், பிறகு ஒவ்வொன்றாக ஒட்டும் டேப்பால் ஒற்றியெடுக்க வேண்டியிருக்கும்.