மடி மறுபடியும் வீங்கிவிட்டது, எந்த ஊசி போடலாம்? (அவசரம்)

செந்தில், வேலந்தாவளம்
வணக்கம். மாட்டுக்கு மடி மறுபடியும் வீங்கிவிட்டது. போன வாரம் ஊசி போட்டதில் நன்றாக வற்றியது. இன்று காலையில் தொட்டால் கல்லு மாதிரி இருக்கிறது, பால் திப்பி திப்பியாக வருகிறது. வேறு எந்த ஊசி போட்டால் கேட்கும்? மருந்துக்கடை அடைப்பதற்குள் போக வேண்டும், தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

கவிதா, முதலமடை
அண்ணா, எந்தக் காம்பு? ஒன்றா, நாலுமா? கன்று போட்டு எத்தனை நாள் ஆச்சு? காய்ச்சல் இருக்கிறதா, தீனி எடுக்கிறதா? மடி சில்லென்று ஆகி நீலம் பாய்ந்திருந்தாலோ மாடு எழாமல் படுத்திருந்தாலோ இங்கே பதிலுக்குக் காத்திருக்காதீர்கள், உடனே கால்நடை அவசர உதவி எண் 1962க்குக் கூப்பிடுங்கள்.

ராமசாமி, நல்லேப்பிள்ளி
ஊசியே வேண்டாம் தம்பி. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கரைத்து மடி முழுக்கத் தடவுங்கள். ஒவ்வொரு தடவையும் பாலைப் பீச்சிவிட்டு, மடியைக் கழுவிவிட்டுத்தான் தடவ வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, ஐந்து நாள். தேசியப் பால்வள வாரியமே சொல்லிக்கொடுக்கிற வைத்தியம் இது.

பழனியப்பன்
இதே கேள்விக்கு இங்கே பலமுறை எழுதியாச்சு. மேலே தேடிப் படிக்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. போட்ட ஊசியின் பேர் தெரியாமல் "வேறு ஊசி" என்று கேட்டால் என்ன சொல்வது? காலி பாட்டிலைப் பார்த்து எழுதுங்கள். எத்தனை நாள் போட்டது, யார் போட்டது என்பதையும் எழுதுங்கள்.

ஜான்சன், கோபாலபுரம்
என்ரோஃப்ளாக்சசின் போடுங்கள். எங்கள் ஜெர்சிக்கு ஒரே ஊசியில் பால் தெளிந்துவிட்டது.

செந்தில், வேலந்தாவளம்
பின்பக்கம் வலது காம்பு மட்டும். எச்.எஃப் (ஹோல்ஸ்டீன்) கலப்பு மாடு, மூன்றாவது ஈத்து, கன்று போட்டு ஒன்றரை மாசம் இருக்கும். தீனி எடுக்கிறது. பாட்டிலில் செஃப்ட்ரியாக்சோன் என்று இருக்கிறது, இரண்டு நாள் போட்டோம். ஊரில் ஊசி போடுகிறவர்தான் போட்டார். போன ஈத்திலும் இதே காம்பில்தான் வந்தது.

கவிதா, முதலமடை
கடைசி வரியை முதலிலேயே எழுதியிருக்கலாம் அண்ணா, விஷயமே அதில்தான் இருக்கிறது. ஒரே காம்பில் ஈத்துக்கு ஈத்து வருகிறது, ஊசி போட்டால் வற்றி மறுபடி கிளம்புகிறது என்றால் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியைச் சந்தேகப்பட வேண்டும். மடித் திசுவுக்குள் சின்னச் சின்னச் சீழ்க்கட்டிகளை உண்டாக்கி உள்ளேயே இருந்துகொள்ளும். மருந்து அதற்குள் சரியாகப் போய்ச் சேராது. வீக்கம் இறங்கியதும் போய்விட்டது என்று நாம் நினைக்கிறோம், கிருமி அங்கேயேதான் இருக்கிறது.

அதனால் அடுத்த ஊசிக்கு முன்னால் பாலைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று கல்ச்சர் செய்து பார்ப்பார்கள். மிருகாசுபத்திரியில் கேட்டால் குப்பி கொடுப்பார்கள். காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் நன்றாகத் துடைத்து, முதல் இரண்டு மூன்று பீச்சைத் தனியாக விட்டுவிட்டு, குப்பியைச் சாய்த்துப் பிடித்துப் பீச்ச வேண்டும். மூடியின் உள்பக்கம் விரல் படக்கூடாது. கொண்டு போகும்வரை ஐஸில் வையுங்கள். ஊசி போட்ட பிறகு எடுத்தால் கிருமி சரியாக வளராது.

பழனியப்பன்
ஜான்சன், உங்கள் மாட்டுக்கு வந்தது ஈ.கோலை என்கிற வேறு கிருமியாக இருந்திருக்கலாம். அது லேசாக வந்தால் பல நேரம் மாட்டின் எதிர்ப்புசக்தியிலேயே தெளிந்துவிடும், பேர் ஊசிக்குப் போகும். ஒரு மாட்டில் கேட்டதை ஊருக்கே மருந்தாகச் சொல்லாதீர்கள். ராமசாமி அண்ணன் சொன்ன கற்றாழைப் பற்று வீக்கத்தைக் குறைக்க உதவும், தடவட்டும். நாள்பட்ட ஆரியஸை அது மட்டும் தீர்க்கும் என்று நம்பி உட்கார வேண்டாம். வலிக்கு டைக்ளோஃபெனாக் யாராவது நீட்டினால் வாங்காதீர்கள், கழுகுகள் செத்து விழுந்ததால் 2006இலேயே மாட்டுக்குத் தடை செய்தாச்சு. வலிக்கு அதற்குப் பதில் மெலாக்சிகாம் இருக்கிறது.

ராமசாமி, நல்லேப்பிள்ளி
நான் தடவி மூன்று மாடு தேறியதைக் கண்ணால் பார்த்தவன். உங்கள் புத்தகம் உங்களோடு இருக்கட்டும்.

மணிமேகலை, கொழிஞ்சாம்பாறை
ஊசி போட்ட நாளில் பாலை என்ன செய்தீர்கள் என்று யாருமே கேட்கவில்லையே?

ஜான்சன், கோபாலபுரம்
மூணு காம்புப் பால் நன்றாகத்தானே இருக்கிறது. நோய்க் காம்பை விட்டுவிட்டு மீதியைச் சொசைட்டிக்கு ஊற்ற வேண்டியதுதான். காய்ச்சித்தானே குடிக்கிறார்கள்.

மணிமேகலை, கொழிஞ்சாம்பாறை
ஊசி மருந்து ரத்தத்தில் கலந்து நாலு காம்புக்கும் வரும். ஒரு காம்பில் மட்டும் மருந்து டியூப் ஏற்றினாலும் நாலு காம்புப் பாலையும் ஒதுக்கத்தான் வேண்டும். காய்ச்சினால் கிருமி சாகும், மருந்து முழுசாகப் போகாது. அந்தப் பாலில் உறை ஊற்றினால் தயிர் சரியாகத் தோயாது, மருந்து உறைக் கிருமியையும் கொன்றுவிடுவதால். லேபிளில் எத்தனை நாள் என்று போட்டிருக்கும். போடாவிட்டால் பாலுக்கு ஏழு நாளுக்குக் குறையக் கூடாது என்று 2012இல் விதியே வந்துவிட்டது.

ஜான்சன், கோபாலபுரம்
ஏழு நாள் பாலைக் கீழே கொட்டினால் புண்ணாக்குக் கடன் யார் கட்டுவது? சொசைட்டியில் கொழுப்பும் எஸ்.என்.எஃப்பும் (கொழுப்பு தவிர்த்த திடச்சத்து)தானே பார்க்கிறார்கள். டேங்கர் பாலைச் சோதிக்கத்தான் மீனாட்சிபுரத்தில் செக்போஸ்ட்.

மணிமேகலை, கொழிஞ்சாம்பாறை
பிடிக்க மாட்டார்கள் என்பதற்காக ஊற்றலாமா? எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் சொசைட்டிப் பால்தான் குடிக்கிறார்கள். பென்சிலின் ஒவ்வாத ஆளுக்கு அது ஆபத்து. நஷ்டம் பெரிதுதான், எனக்கும் தெரியும், நானும் மாடு வைத்துப் பிழைக்கிறவள். அதற்காகத்தான் கண்ட ஊசியைப் போடாமல் முதலிலேயே டாக்டரைக் கூப்பிடச் சொல்கிறோம். கன்றுக்குட்டிக்கும் அந்தப் பாலை ஊட்டாதீர்கள், மருந்துக்கு அடங்காத கிருமி அதன் வயிற்றில் வளரும்.

பழனியப்பன்
இழை செந்திலின் மாட்டுக்காக. சொசைட்டிச் சண்டைக்குத் தனி இழை போடுங்கள்.

செந்தில், வேலந்தாவளம்
எல்லாருக்கும் நன்றி. மிருகாசுபத்திரி டாக்டர் வீட்டுக்கே வந்து பால் எடுத்துப் போயிருக்கிறார். ரிசல்ட் வரும்வரை மெலாக்சிகாம், அடிக்கடி பாலைப் பீச்சிவிடச் சொன்னார். கற்றாழைப் பற்றும் தடவுகிறோம். சொசைட்டிக்கு ஊற்றுவதை நிறுத்தியாச்சு.

கவிதா, முதலமடை
நல்லது அண்ணா. கட்டுத்தறியில் மற்ற மாடுகளைக் கறந்த பிறகு இதைக் கடைசியாகக் கறக்கச் சொல்லுங்கள், ஆரியஸ் கறக்கிற கை வழியாகத்தான் அடுத்த மாட்டுக்குப் போகும். கறந்ததும் நாலு காம்பையும் அயோடின் கரைசலில் முக்கிவிட்டு உடனே தீனி போடுங்கள், காம்புத் துவாரம் மூடும்வரை அரைமணி நேரமாவது மாடு படுக்காமல் நிற்கட்டும். பால் வற்றவிடும்போது மடிக்குள் ஏற்றுகிற டியூப் பற்றியும் டாக்டரிடம் இப்போதே கேட்டுவையுங்கள், நாள்பட்டதற்கு அந்தச் சமயத்தில்தான் மருந்து கொஞ்சம் நன்றாகப் பிடிக்கும். கல்ச்சரில் என்ன வந்தது என்று எழுதுங்கள்.